கையொப்பமிட்ட கூடைப்பந்து அட்டைகள்: சேகரிப்பின் வரலாறும் வட ஆற்காட்டுத் தோலும்

ஓய்வுபெற்ற கூடைப்பந்து வீரர்கள், பயிற்சியாளர்கள் ஆகியோரின் படம் அச்சிட்ட அட்டைகளில் அவர்களுடைய கையொப்பத்தைப் பெற்றுச் சேர்த்து வைப்பது அமெரிக்காவில் பரவலான பொழுதுபோக்கு. அட்டை உள்ளங்கையில் அடங்கிவிடும். இன்றைய வழக்கமான அளவு அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம். முன்புறம் வீரரின் படம் இருக்கும். பின்புறம் அவரது உயரம், எடை, எடுத்த புள்ளிகள் முதலிய விவரங்கள் இருக்கும். தமிழ்நாட்டில் இப்பழக்கம் வேரூன்றவில்லை. ஆனால் இதற்கு முன்னோடியான கையொப்ப ஏடுகளின் காலத்தைப் பார்த்தால், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோலும் அந்த வரலாற்றுக்குள் வருகிறது.

ஏடும் தோலும்

கையொப்பம் சேர்க்கும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் ரசிகர்கள் அல்லர், மாணவர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க் போன்ற பல்கலைக்கழக நகரங்களில், படிப்பு முடித்துச் செல்லும் மாணவர்கள் தம் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் ஓர் ஏட்டை நீட்டி, சில வரிகளும் கையொப்பமும் வாங்கிக்கொண்டனர். நம் ஊரில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்கும் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் 'ஆட்டோகிராப் நோட்டு' அதன் நேர் வாரிசு. இந்தியாவில் இவ்வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குக் காந்தியடிகளே சாட்சி. தம்மிடம் கையொப்பம் கேட்டவர்களிடம் ஐந்து ரூபாய் பெற்று, அதை அரிசன நிதியில் சேர்த்தார்.

பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டில் புத்தகங்களும் ஏடுகளும் தோல் கட்டுடன் வந்தன. மலிவான கட்டுக்குப் பயன்பட்ட ஆட்டுத்தோலிலும் செம்மறித்தோலிலும் கணிசமான பகுதி சென்னை மாகாணத்திலிருந்து போனது. பாலாற்றங்கரை ஊர்களில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் முடிப்புச் செய்து, முழுமையாக மெருகிடாமலேயே தோலைக் கப்பலேற்றினர். இலண்டன் சந்தையில் அதற்குப் 'பெர்சியன்' என்று பெயர். பாரசீகத்துக்கும் அந்தத் தோலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வியாபாரப் பெயர்களுக்கு நிலவியல் தெரிவதில்லை.

இந்தத் தோல் கட்டிய புத்தகங்கள் சில ஆண்டுகளிலேயே முதுகு சிவந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. இலண்டன் கலைச் சங்கம் அமைத்த குழு 1901இல் தன் அறிக்கையை அளித்தது. 'பெர்சியன்' தோல் புத்தகக் கட்டுக்கு மிகவும் மோசமானது என்றும், பத்து ஆண்டுகளுக்குள்ளாகவே அழிவு தெரிகிறது என்றும் அது கூறியது. காரணம் வேதியியல் சார்ந்தது. ஆவாரம் பட்டையில் உள்ள டானின் வகை, நிலக்கரி வாயு விளக்குகளிலிருந்து வரும் கந்தக டைஆக்சைடை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். அது தோலுக்குள் கந்தக அமிலமாகி இழைகளை அரிக்கும். கடுக்காயில் உள்ள டானின் வேறு வகையைச் சேர்ந்தது. அது இந்தப் பாதிப்பை ஓரளவு தாங்கும். குறை வட ஆற்காட்டுத் தொழிலாளியுடையது அன்று. காலணியின் மேற்பகுதிக்கும் உள்பகுதிக்கும் நன்றாகப் பொருந்திய தோலை, விலை குறைவு என்பதற்காக நூலக அலமாரிக்கு எடுத்துச் சென்றவர்கள் இலண்டன் வணிகர்கள்.

கையொப்பத்தின் ஆயுள் அது எதன்மேல் இருக்கிறது, எதற்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்ற பாடத்தைச் சேகரிப்பாளர்கள் இப்படித்தான் கற்கத் தொடங்கினர்.

அட்டை வந்த விதம்

அட்டைகளின் தொடக்கம் சிகரெட் பெட்டி. மென்மையான காகிதப் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையை வைத்தனர். வெறும் அட்டையாக இருப்பானேன் என்று 1880களில் அதில் விளையாட்டு வீரர்களையும் நடிகைகளையும் அச்சிட்டனர். சிவகாசித் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து விளையாடிய தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு இந்த ஈர்ப்பை விளக்க வேண்டியதில்லை. பின்னர் சிகரெட்டின் இடத்தைச் சூயிங்கம் பிடித்தது.

கூடைப்பந்து இதில் தாமதமாகவே நுழைந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891 டிசம்பரில் இவ்விளையாட்டை உருவாக்கினார். தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்களுக்கென முதல் பெரிய தொகுப்பை போமன் நிறுவனம் 1948இல்தான் வெளியிட்டது. அதில் 72 அட்டைகள். 69ஆம் எண் ஜார்ஜ் மைக்கன். அடுத்த தொகுப்புக்கு 1957-58 பருவம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது டாப்ஸ் நிறுவனம் 80 அட்டைகளை வெளியிட்டது. 1961-62இல் ஃப்ளீர் 66 அட்டைகள் கொண்டுவந்தது. பிறகு 1969-70 வரை மீண்டும் ஓர் இடைவெளி.

இந்த இடைவெளிகள் சேகரிப்பாளர்களுக்கு மிக முக்கியமானவை. பில் ரஸ்ஸல் 1956 முதல் 1969 வரை 13 பருவங்கள் ஆடி, 11 முறை பாஸ்டன் செல்டிக்ஸ் அணியுடன் பட்டம் வென்றவர். அவ்வளவு நீண்ட வாழ்க்கையில் இரண்டே பெரிய தொகுப்புகளில்தான் அவருடைய அட்டை வந்தது. ஆகவே ஒரு பழைய வீரர் ஆடிய காலத்திலேயே அச்சான அட்டையில், அவர் முதியவரான பின் இட்ட கையொப்பம் இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். இருபது வயதுப் படத்தின்மேல் எழுபது வயதுக் கை எழுதியிருக்கும்.

ஓய்வுபெற்றவர்கள்

ஆடிக்கொண்டிருக்கும் வீரரைவிட ஓய்வுபெற்றவரிடம் கையொப்பம் பெறுவது பெரும்பாலும் எளிது. அவருக்கு நேரம் இருக்கிறது. தம்மை நினைவில் வைத்திருப்பவரிடமிருந்து வரும் கடிதம் மகிழ்ச்சியும் தருகிறது. சேகரிப்பாளர் அட்டையுடன் ஒரு சிறு கடிதத்தையும், தன் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையையும் வைத்து அனுப்புவார். இந்தியாவிலிருந்து எழுதுபவருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு: நம் அஞ்சல்தலை அமெரிக்க அஞ்சலகத்தில் செல்லாது. இதற்காகவே 1906இல் ரோம் நகரில் கூடிய அனைத்துலக அஞ்சல் மாநாடு 'பன்னாட்டுப் பதில் கூப்பன்' முறையை ஏற்படுத்தியது. கூப்பனைப் பெற்றவர் தம் நாட்டு அஞ்சலகத்தில் கொடுத்து அஞ்சல்தலை வாங்கிக்கொள்ளலாம்.

பயிற்சியாளர்களில் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர் என்று பெயர் பெற்றவர் ஜான் உடன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணிக்கு 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தவர் அவர். பயிற்சியாளராகப் புகழ்பெறுவதற்கு முன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 2010இல் 99ஆம் வயதில் மறைந்தார். முதுமையிலும் தமக்கு வந்த பொருள்களில் தெளிவான, படிக்கக்கூடிய எழுத்தில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினார். எனவே அவரது கையொப்பம் அரிதானதன்று. மதிப்பு வேறு, அரிதாயிருத்தல் வேறு என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

பயிற்சியாளர்களுக்கு அட்டை கிடைப்பதே ஒரு காலத்தில் கடினம். நிறுவனங்கள் ஆடுபவர்களையே அச்சிட்டன. 1990-91 பருவத்தின் ஹூப்ஸ் தொகுப்பில் அப்போதிருந்த 27 அணிகளின் பயிற்சியாளர்களுக்கும் தனித்தனி அட்டை வந்தது. அவை ஏராளமாக அச்சானதால் விலை மிகக் குறைவு. பயிற்சியாளர் கையொப்பம் தேடுபவர்கள் தொடங்குவதற்கு அது வசதியான இடம்.

ரஸ்ஸல் இதற்கு நேர் எதிர். 1960களிலேயே கையொப்பமிட மறுத்துவிட்டார். காகிதத்தில் கிறுக்கித் தருவது மனிதருக்கு மனிதர் செய்யும் உறவாகாது. கை குலுக்கலாம், உட்கார்ந்து பேசலாம் என்பது அவர் நிலை. நிறவெறி மிகுந்த காலத்தில், மைதானத்தில் கைதட்டியவர்களே வெளியில் எப்படி நடந்துகொண்டனர் என்பதை அறிந்த மனிதரின் முடிவு அது. அதைத் திமிர் என்று எழுதியவர்கள் பாதிக் கதையையே பார்த்தனர். 1990களில்தான் ஒப்பந்தம் செய்துகொண்டு பணத்துக்குக் கையொப்பமிடத் தொடங்கினார். வீரராக 1975இலும் பயிற்சியாளராக 2021இலும் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற அவர் 2022 ஜூலையில் மறைந்தார்.

பணம் வாங்கிக் கையொப்பமிடுவதைக் குறை சொல்பவர்கள் மைக்கனின் முடிவையும் அறிய வேண்டும். தொழில்முறைக் கூடைப்பந்தின் முதல் பெரும் நட்சத்திரம் அவர். 1965க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கு ஓய்வூதியம் மிகக் குறைவு. நீரிழிவால் ஒரு காலை இழந்த நிலையிலும் அந்தப் பழைய வீரர்களுக்காக அவர் குரல் கொடுத்தார். 2005 ஜூனில் இறந்தபோது, இறுதிச் சடங்குச் செலவை ஏற்க ஷகில் ஓ'நீல் முன்வந்தார். ஆடிய காலத்தில் பெரிய ஊதியம் இல்லாத தலைமுறைக்குக் கையொப்பம் ஒரு பிற்கால வருமானம்.

அட்டை நிறுவனங்களும் இதைக் கண்டுகொண்டன. 1990இல் அப்பர் டெக் நிறுவனம் பேஸ்பால் வீரர் ரெஜி ஜாக்சன் கையொப்பமிட்ட 2,500 அட்டைகளைப் பொட்டலங்களுக்குள் கலந்து வைத்தது. 1991-92இல் கூடைப்பந்தில் ஜெர்ரி வெஸ்ட் அதேபோல் 2,500 அட்டைகளில் கையொப்பமிட்டார். இருவருமே அப்போது ஓய்வுபெற்றவர்கள். பிற்காலத்தில் ஒரு சோம்பல் வழியும் வந்தது: வீரர் சிறு ஒட்டுத்தாள்களில் கையொப்பமிட்டு அனுப்ப, நிறுவனம் அதை அட்டையில் ஒட்டிவிடும். அட்டையை வீரர் தொட்டதே இல்லை. அட்டையின் மேலேயே இட்ட கையொப்பத்துக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவது நியாயமே.

போலிகள்

விலை ஏறிய இடத்தில் போலியும் ஏறும். 1990களின் நடுவில் மைக்கேல் ஜோர்டான் உள்ளிட்ட சிகாகோ வீரர்களின் போலிக் கையொப்பங்களை விசாரித்த அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., பிறகு சான் டியாகோவை மையமாகக் கொண்டு 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெரிய நடவடிக்கையை மேற்கொண்டது. பிடிபட்டவற்றில் அன்னை தெரசா கையொப்பமிட்டதாகக் கூறப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. கொல்கத்தாவில் நோயாளிகளிடையே வாழ்ந்த துறவி பேஸ்பாலில் கையெழுத்திட்டார் என்பதையும் நம்ப வாங்குபவர் இருந்திருக்கிறார்! அட்டைகளையும் கையொப்பங்களையும் சோதித்து, மூடி முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் இன்று இத்தொழிலில் முக்கிய இடம் பெற்றிருக்கின்றன. ஆனாலும் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கையொப்பம் இடப்பட்டது என்ற குறிப்பும், அஞ்சல் முத்திரையுடன் கூடிய உறையும் முத்திரைப் பெட்டிக்குக் குறையாத சான்று.

தமிழ்நாட்டில்

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நெய்ஸ்மித்தின் பள்ளிக்கும் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு மனிதர் தொலைவு எனலாம். அங்கு பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகக் கூடைப்பந்து மாவட்டங்களுக்குப் பரவியது. பின்னர் தெற்கு இரயில்வே, இரயில்பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகியவற்றின் அணிகள் வீரர்களுக்கு வேலையும் தந்தன.

அட்டைத் தொழில் மட்டும் வரவில்லை. 1980களின் இறுதியில் 'பிக் ஃபன்' சூயிங்கத்துடன் வந்தவை கிரிக்கெட் படங்கள்; 1990களில் சிறுவர்கள் சேர்த்தவை மல்யுத்த வீரர் அட்டைகள்; 2010க்குப் பின் டாப்ஸ் இங்கே விற்றதும் கிரிக்கெட் அட்டைகளே. இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே முறை, 1980இல் மாஸ்கோவில். 12 அணிகளில் 12ஆம் இடம். அந்த அணியின் பெயர்களை இன்று சொல்லக்கூடிய மாணவரைக் காண்பது கடினம். இந்தியப் பெண்கள் அணியின் தலைவராக இருந்த சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரிடம் ஓர் ஆம்பூர் மாணவி கையொப்பம் கேட்க விரும்பினால், நீட்டுவதற்கு நோட்டுத் தாளோ செய்தித்தாள் நறுக்கோதான் கையில் இருக்கும். அமெரிக்காவில் சில பருவங்களே ஆடிய சாதாரண வீரருக்கும் பெயரும் ஊரும் புள்ளிகளும் அச்சிட்ட ஓர் அட்டை உண்டு.

இதனால் இங்கே சேகரிக்கத்தக்கவை வேறு. போட்டி நினைவு மலர்கள், அணியின் குழுப் படங்கள், ஆட்டப் புள்ளித் தாள்கள் ஆகியவற்றில்தான் பழைய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. பயிற்சியாளரின் கையொப்பம் பெரும்பாலும் கிடைப்பது விளையாட்டுச் சான்றிதழில். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்துக்காகப் பத்திரப்படுத்திய அந்தத் தாளில்தான் பல ஊர்களின் பி.டி. மாஸ்டர்களின் கையெழுத்து எஞ்சியிருக்கிறது.

அவற்றைக் காக்கும் முறை அட்டைகளுக்கு உரியதேதான். வெயில் படும் சுவரில் மாட்டினால் மை வெளிறும். மலிவான பி.வி.சி. உறைகளில் உள்ள நெகிழ்வூட்டும் வேதிப்பொருள் நாளடைவில் மையையும் தாளையும் கெடுக்கும். பாலிபுரோப்பிலீன் உறை நல்லது. அமிலமற்ற தாளை இடையில் வைத்து, ஈரமில்லாத இடத்தில் கிடையாக அடுக்க வேண்டும். பளபளப்பான அட்டையிலோ படத்திலோ புதிதாகக் கையொப்பம் வாங்குவதானால், மேற்பரப்பை மென்மையான அழிப்பானால் இலேசாகத் தேய்த்துவிட்டால் மை திரளாமல் பிடிக்கும். சான்றிதழ்களைப் பலரும் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். அந்தச் சூடும் பசையும் மையைப் பாதிக்கக்கூடும், ஒருமுறை செய்தால் தாளைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பதும் அரிது.