கோசிடி

மென்பொருளைத் தொகுத்து, சோதித்து, சர்வரில் ஏற்றும் வேலையைத் தானாகச் செய்யும் திறமூல மென்பொருள். தாட்வொர்க்ஸ் நிறுவனம் 2007இல் 'குரூஸ்' என்ற பெயரில் இதை உருவாக்கத் தொடங்கியது. 2010இல் பெயர் மாறியது. 2014இல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. பெங்களூருக் குழுவின் உழைப்பு இதில் கணிசம்.

வேலை முழுதும் 'பைப்லைன்' என்ற ஓட்டம். அதன் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும், ஒரு கட்டத்துக்குள் உள்ள வேலைகள் ஒரே நேரத்திலும் நடக்கும். மூலநிரலைச் சேமிக்கும் கிட்டில் மாற்றம் விழுந்ததும் சர்வர் மோப்பம் பிடித்து, சும்மா இருக்கும் ஏஜென்ட் இயந்திரத்திடம் வேலையை ஒப்படைக்கும். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் மனித ஒப்புதல் வைக்கலாம்: பெங்களூரு பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் கபாபுக்குக் காத்திருக்கும் பொறியாளர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வெள்ளிக்கிழமை மாலை அழுத்தாமலிருப்பது தொழிலின் எழுதப்படாத சட்டம்.

இதே வேலையைச் செய்யும் ஜென்கின்ஸ் அளவுக்கு இது பரவவில்லை. ஆனால் 'ஃபேன்-இன்' வசதியில் இதன் கெட்டிக்காரத்தனம் தெரியும். ஒரே மூலநிரலிலிருந்து பிரிந்த இரண்டு பைப்லைன்கள் மூன்றாவதில் சேரும்போது, இரண்டும் ஒரே கமிட்டை, அதாவது பதிவான ஒரே மாற்றத்தை, கடந்து வந்திருந்தால்தான் மூன்றாவது கிளம்பும். பழைய நிரலோடு புதிய சோதனை கலந்துபோகாது.