ஆமூர்க் களத்தில் இரண்டு கால்கள்: புறநானூறு 80 குறித்த ஒரு மறுவாசிப்பு

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனை வென்ற மற்போரை அறிவதற்குப் புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களே ஆதாரம். முன் மூன்றும் சாத்தந்தையாருடையவை; பின் மூன்றும் நக்கண்ணையாருடையவை. கிள்ளியின் பெருவலியே மல்லனை ஒரே மோதலில் முறித்தது என்று கொள்ளத் தோன்றலாம். 80ஆம் பாடல் அதற்கு இடம் தருவதாகத் தெரியவில்லை.

அப்பாடலில் வலிமைக்குரிய சொற்கள் மல்லனுக்கே வழங்கப்படுகின்றன. கிள்ளிக்குச் சொல்லப்படுவது கால்களின் நிலை. பழைய உரையின்படி ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியாக மடிந்திருக்கிறது. மற்றது அவன் செய்யவரும் உபாயத்தை விலக்கி முதுகை வளைத்திருக்கிறது. தலையும் காலும் முறிய மோதுவது அதன் பின்னரே கூறப்படுகிறது. முதலில் தப்பும் வழி அடைபடுகிறது. அடி பிறகு விழுகிறது. அப்பாடலில் கிள்ளிக்கு வரும் யானை உவமை பெருவலியைத்தானே காட்டுகிறது எனலாம். ஆனால் அந்த யானை பசியோடு மூங்கிலைத் தின்ன முயன்றுகொண்டிருக்கும் யானை. புலவர் காட்டுவது விடாத முயற்சியை.

இதே முறையை இக்காலத்திலும் காணலாம். 2018 முதல் 2021 வரை யூ.எஃப்.சி. கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டிகளில் லைட்வெயிட் சாம்பியனாக இருந்த தாகெஸ்தான் வீரர் கபீப் நுர்மகமேதோவ் 29 போட்டிகளிலும் தோற்காமல் ஓய்வுபெற்றார். எதிரியைத் தரையில் வீழ்த்தி, கால்களைத் தன் கால்களால் பூட்டி, மூச்சுத் தளரவைத்துப் பிறகு தாக்குவதே அவர் முறை. காலத்தால் இத்தனை விலகியவற்றை ஒப்பிடலாமா என்ற மறுப்பு பெரிதன்று; முழங்காலும் இடுப்பும் மடங்கும் விதம் மாறிவிடவில்லை.

82ஆம் பாடலும் இவ்வாசிப்புக்குத் துணை நிற்கிறது; அதில் கட்டில் பின்னுபவனின் ஊசி வேகம் போருக்கு உவமையாகிறது. ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், மழை, சாயும் பொழுது. அவன் கை நிற்காமல் ஓடுகிறது. இதை ஒற்றைக் குத்தின் வேகமாகக் கொள்ள முடியாது. 85ஆம் பாடல் இன்னும் வலுவான சான்று. வெற்றி கிள்ளியுடையது என்று ஒரு சாராரும், அன்று என்று மறுசாராரும் பேசுகின்றனர். ஒரே மோதலில் முடிந்த போரில் இப்படி இரு கட்சி எழ இடமில்லை. அப்பேச்சு எழுந்த கட்டம் பாடலில் தெளிவாக இல்லைதான். ஆயினும் போர் நீண்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

நீண்ட போருக்குத் தாங்கும் உடல் வேண்டும். 84ஆம் பாடல் கிள்ளியைக் கூழுண்டும் பெருந்தோளனாக இருப்பவன் என்கிறது. இதில் முதலில் தெரிவன வறுமையும், அவனைக் காதலித்த நக்கண்ணையாரின் வியப்புமே. இலங்கையின் பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் ரொட்டியும் தேத்தண்ணியுமாகப் புறப்பட்டு, கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலையில் நாள் முழுதும் ஏறி இறங்குவோரை அறிந்தவர்களுக்கு அவ்வடி வேறு விதமாகவும் ஒலிக்கும். கூலியின் போதாமையை மறைக்க இந்த ஒப்பீட்டைப் பயன்படுத்தலாகாது. இங்கு வேண்டுவது ஒன்றே: தொடர் உழைப்பில் பழகிய தாங்குதிறன் கணநேர வலிமையிலிருந்து வேறுபட்டது. 84ஆம் பாடலின் தோள் அத்தகையது எனக் கொள்ளத் தடையில்லை.

81, 83ஆம் பாடல்களில் மற்போர் முறை பற்றிய செய்தி இல்லை. அவை இவ்வாசிப்பைத் தாங்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை.