நல்ல மெயில் எங்கே போச்சு? குன்னூரில் தேடிய ஸ்பேம் ஃபில்டர் வரலாறு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

கொஞ்ச நாள் முன்னாடி குன்னூர் போயிருந்தேன். டூர் இல்லை, வேலை. என் நண்பனோட அப்பா அங்கே சின்னதா ஒரு டீ ஃபேக்டரி நடத்துகிறார். சுற்றியிருக்கிற சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி, சிடிசி தூளாக்கி விற்பதுதான் தொழில். "தம்பி, நாங்க அனுப்புற மெயில் பாதிப் பேருக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. வர வேண்டியதும் சிலது வரல. நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, ஒரு தடவை பாரேன்" என்றார்.

பார்த்தேன். வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வரில் அவங்களோட மெயில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஸ்பேம் என்று ஒதுக்கிய ஃபோல்டர் ஒன்று. யாரும் திறந்தே பார்க்காதது. லாட்டரி, போலி இன்வாய்ஸ், பாங்க் பெயரில் மோசடி என்று ஆயிரக்கணக்கில் குப்பை. நடுவில் ஒன்று, ஒரு வெளிநாட்டு வியாபாரி எழுதியது: சாம்பிள் வேண்டும், கிலோ என்ன விலை, சீக்கிரம் சொல்லுங்கள். வந்து 11 நாள் ஆகியிருந்தது. உடனே போன் போட்டோம். அவர் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்.

அங்கிள் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "இதை யாருப்பா அங்க தூக்கி வச்சது?"

இந்த எபிசோடு அந்தக் கேள்விக்கான பதில்தான். பதில் சொல்ல 50 வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கு.

கதவே இல்லாத வீடு

1975 நவம்பர். இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் காலம். ஜான் போஸ்டல் என்பவர் ஒரு சின்னக் குறிப்பு எழுதுகிறார், ஆர்எஃப்சி 706. தலைப்பே குப்பை மெயில் பிரச்சினை பற்றித்தான். ஒரு கம்ப்யூட்டர் தேவையில்லாத செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தால், வாங்குகிற கம்ப்யூட்டர் "உன்னிடம் இனி வாங்க மாட்டேன்" என்று சொல்ல வழியே இல்லையே என்பது அவர் கவலை. கவனிங்க, ஸ்பேம் என்ற பெயர் ஒட்டிக்கொள்வதற்கு ரொம்ப முன்னாடியே ஃபில்டர் வேண்டும் என்ற யோசனை வந்துவிட்டது.

மூன்று வருஷம் கழித்து, 1978 மே 3. டிஇசி என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள் கேரி தெர்க், புது மெஷின் டெமோவுக்கு வாங்க என்று சுமார் 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். முகவரிகள் அதற்கான இடத்தில் கொள்ளாமல் மெயிலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. பலருக்குச் செம கோபம். முதல் ஸ்பேம் என்று இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள்.

1982இல் எஸ்எம்டிபி வருகிறது. மெயில் இன்றைக்கும் ஓடுவது அந்த முறையில்தான். எழுதியவர் அதே போஸ்டல். ஆனால் அனுப்புகிறவர் "நான் இன்னார்" என்று சொன்னால் வாங்குகிற சர்வர் அப்படியே நம்பிவிடும். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருந்த சின்ன ஊர் மாதிரி அது. கதவுக்குத் தாழ்ப்பாள் தேவைப்படவில்லை.

1994 ஏப்ரலில் கேன்டர், சீகல் என்ற அமெரிக்க வக்கீல் தம்பதி, கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் கொட்டினார்கள். அதோடு அந்தச் சின்ன ஊர் காலி. அடுத்த வருஷம், 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. நாம் வந்து சேர்ந்ததே கூட்டம் கலவரமான பிறகுதான்.

தெருவையே தடை செய்தால்

1997இல் பால் விக்ஸி ஒரு தடைப்பட்டியல் தொடங்கினார். ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளின் பட்டியல். அடுத்த வருஷம் ஸ்பேம்ஹவுஸ் வந்தது. இது வேலை செய்யும் விதம் அழகு. 192.0.2.25 என்ற முகவரியிலிருந்து மெயில் வருகிறதா? எண்களைத் திருப்பிப் போட்டு, 25.2.0.192 என்று பட்டியலின் டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டியது. 127.0.0.2 மாதிரி ஒரு பதில் வந்தால் ஆள் பட்டியலில் இருக்கிறார். பதிலே இல்லை என்றால் உள்ளே விடலாம். ஒரு நொடிகூட ஆகாது.

சிக்கல் எங்கே என்றால், ஐபி முகவரி ஆள் இல்லை, வீட்டு எண் மாதிரி. நேற்று அந்த வீட்டில் திருடன் இருந்தான், இன்றைக்கு நீங்கள் குடிவந்தால் போலீஸ் உங்கள் கதவைத்தான் தட்டும். சில நேரம் தெருவையே தடை செய்துவிடுவார்கள்.

இதன் அடி நம் மாதிரி நாடுகளுக்குத்தான் அதிகம். சுரேஷ் ராமசுப்பிரமணியன் என்ற இந்தியர், அவுட்பிளேஸ் என்ற பெரிய மெயில் நிறுவனத்தில் ஸ்பேம் தடுப்பைக் கவனித்தவர், 2005இல் ஓஇசிடி அமைப்புக்காக ஓர் அறிக்கை எழுதினார். வளரும் நாடுகளில் ஸ்பேம் பற்றியது. ஏற்கெனவே குறைவாக, அதிக விலைக்குக் கிடைக்கும் பாண்ட்விட்தைக் குப்பை தின்கிறது. கூடவே, உள்ளூர் நெட்வொர்க்குகள் சரியாகப் பராமரிக்கப்படாததால் வெளியே உள்ளவர்கள் அவற்றை மொத்தமாகத் தடுத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் இடி, மத்தளம் மாதிரி. 2012 தொடக்கத்தில் சோஃபோஸ் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், உலகத்திலேயே அதிக ஸ்பேம் கிளம்பும் நாடாக இந்தியா முதலிடம். அனுப்பியது நம் வில்லன்கள் என்று அர்த்தமில்லை. வைரஸ் புகுந்த நம் வீட்டு கம்ப்யூட்டர்களை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிள் அனுப்பிய மெயில் போய்ச் சேராததற்குக் காரணம் இதுதான். அவர் வாடகைக்கு எடுத்த ஐபி முகவரி ஒரு தடைப்பட்டியலில் இருந்தது. அவருக்கு முன்னாடி அதை வைத்திருந்தவர் செய்த வேலை.

மதிப்பெண் போடும் மெஷின்

சரி, அவருக்கு வந்த மெயில் ஏன் மாட்டியது?

2001இல் ஜஸ்டின் மேசன் ஸ்பேம்அசாசினை வெளியிட்டார். ஒவ்வொரு மெயிலுக்கும் நூற்றுக்கணக்கான சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டினால் 5 வந்தால் ஸ்பேம். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் ஒரு கட்டுரையில் இன்னொரு வழியைப் பிரபலமாக்கினார். விதிகள் எழுதாதே, உனக்கு வந்த நல்ல மெயிலையும் கெட்ட மெயிலையும் காட்டு, எந்த வார்த்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மெஷின் கணக்குப் போடட்டும். 1763இல் அச்சான தாமஸ் பேயஸின் நிகழ்தகவுக் கணக்குதான் அடிப்படை. கிரஹாம் திரும்பத் திரும்ப அழுத்திச் சொன்னது இதுதான்: ஸ்பேம் ஒன்று தப்பி வருவது தொல்லை, நல்ல மெயில் ஒன்று மாட்டுவது அதைவிடப் பெரிய தப்பு.

குன்னூர் சர்வரில் ஸ்பேம்அசாசின்தான் இருந்தது. ஆனால் 5 என்ற எல்லையை யாரோ 2 ஆக்கியிருந்தார்கள். அந்த வியாபாரியின் மெயிலுக்கு 2.6. விலை, டாலர், அவசரம், முன்பின் தெரியாத முகவரி. யோசிச்சுப் பாருங்க, ஏற்றுமதி விசாரணை எல்லாமே பார்க்க ஸ்பேம் மாதிரிதான் இருக்கும்.

யார் குறைத்தது என்று விசாரித்தேன். கொஞ்ச நேரம் யோசித்த அங்கிள், "போன வருஷம் குப்பையா வருதுன்னு நான்தான்பா அந்தப் பையன்கிட்ட இறுக்கச் சொன்னேன்" என்றார். பிறகு என்னை ஃபேக்டரிக்குள் கூட்டிப்போய், காய்ந்த தூளிலிருந்து நார் பிரிக்கும் மெஷினைக் காட்டினார். ரோலரில் உண்டாகும் நிலைமின்சாரம் நாரை இழுத்துக்கொள்ளும். "ரோலரை ரொம்பக் கிட்ட இறக்கினா நல்ல தூளும் சேர்ந்து போயிரும். அதனாலதான் கழிவைத் தினமும் கையில அள்ளிப் பாப்போம்." தூளின் கழிவை அள்ளிப் பார்க்க அங்கே ஆள் இருக்கு. மெயிலின் கழிவைப் பார்க்க ஆள் இல்லை.

சட்டம் செய்த அதே தப்பு

இதே தப்பைச் சட்டமும் செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 2008 திருத்தத்தில் வந்தது, பலருக்கு நினைவிருக்கும். அதில் ஒரு துணைப்பிரிவு மெயில் பற்றியது. எரிச்சல் ஊட்டவோ, அனுப்பியது யார் என்று ஏமாற்றவோ மெயில் அனுப்பினால் மூன்று வருஷம் வரை சிறை. ஸ்பேமுக்குப் பொருந்தும் வாசகம். ஆனால் எரிச்சல் என்ற வார்த்தைக்கு எல்லை எது? 2012இல் ஒரு ட்வீட்டுக்காகப் புதுச்சேரியில் ஒருவர் இந்தப் பிரிவில் கைதானார். ஸ்பேமர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏவை முழுசாக ரத்து செய்தது. மெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இன்றைக்கும் இல்லை.

அந்த இடத்தை நிரப்பியது பெரிய கம்பெனிகள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கின. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். சின்ன ஆட்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். முன்னாடி, நீ கெட்டவன் என்று நாங்கள் நிரூபிக்கணும். இப்போ, நல்லவன் என்று நீ நிரூபிக்கணும். தப்பென்று சொல்ல மாட்டேன், போலி மெயில் நிஜமாகவே குறைகிறது. ஆனால் அந்த நிரூபணத்துக்கு ஐடி டீம் இல்லாத மலை ஊர் ஃபேக்டரி எங்கே போகும்?

என்ன செய்தேன்

அரை நாள் வேலை. எல்லையைத் திரும்ப 5 ஆக்கினேன். 5லிருந்து 15 வரை வருவதை ஒளித்து வைக்காமல், தலைப்பில் ஸ்பேம் என்று ஒட்டி இன்பாக்ஸுக்கே அனுப்பச் சொன்னேன். 15க்கு மேல் போனால் வாசலிலேயே மறுத்துவிடும். சத்தமில்லாமல் விழுங்காது. அப்படி மறுத்தால், அனுப்பியவர் நிஜ ஆள் என்றால் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். எஸ்பிஎஃப், டிகேஐஎம், ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ், முதலில் அறிக்கை மட்டும் வாங்கும் டிமார்க், எல்லாம் வைத்தேன். தடைப்பட்டியலில் இருந்து எடுக்க விண்ணப்பித்தேன். கடைசியாக அவங்களோட பழைய நல்ல மெயில்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்தேன். பேயஸ் பகுதி வேலையை ஆரம்பிக்கவே 200 நல்லதும் 200 கெட்டதும் கேட்கும். இப்போ அந்த சர்வருக்கு ரெட் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட், சாம்பிள் எல்லாம் நல்ல வார்த்தைகள்.

போன ஆர்டர் திரும்ப வரவில்லை. ஆனால் தினமும் காலையில் கழிவு பார்த்து முடித்ததும் ஸ்பேம் ஒட்டிய மெயில்களையும் ஒரு பார்வை பார்க்கிறாராம், அங்கிள் போனில் சொன்னார்.

நீங்களும் இன்றைக்கு உங்க ஸ்பேம் ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பாருங்க. யாராவது பதிலுக்குக் காத்திருக்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.