தோட்டத்துத் தமிழும் கேட்கும் கருவியும்

வாயால் சொன்னால் வேலை செய்யும் கருவி இன்று கைத்தொலைபேசியிலும் வீட்டு வரவேற்பறையிலும் வந்துவிட்டது. நேரம் கேட்டால் சொல்கிறது. மகனை அழைக்கச் சொன்னால் அழைக்கிறது. பழைய பாடலைக் கேட்டால் போடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கும் கண் பார்வை மங்கியவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால், எந்தத் தமிழில் பேசினால் அதற்குப் புரியும்? கோல சிலாங்கூர் முதல் உலு சிலாங்கூர் வரையுள்ள தோட்டப்புற மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. யாருடைய பேச்சை யார் கற்றுக்கொள்வது என்பது அங்கே நூறாண்டுக்கும் மேலான கேள்வி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டம் அமைத்தார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அவரால் அங்கேதான் தோன்றியது. அதன் பெயரான தென்னமரம் என்பதிலேயே தமிழ் ஒலிக்கிறது. 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்ற நாவலை எழுதிய அவர் மலாயும் தமிழும் கற்றவர். தொழிலாளியின் மொழி தெரியாமல் தோட்டத்தை நடத்த முடியாது என்பதால் அக்காலத் துரைமார் பலரும் தமிழ் படித்தனர். எனினும் அவர்கள் படித்தது பெரும்பாலும் ஏவல் தமிழே. வா, போ, வெட்டு, தூக்கு என்பதே அதன் இலக்கணம். தொழிலாளி பதில் பேச அதில் அதிகம் இடமில்லை.

அந்த நிலையை எதிர்த்து 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. பின்னர் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. சம்பள உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரைக்கு முன் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லாத உரிமை ஆகியவற்றோடு பேச்சுரிமையும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது குறிப்பிடத்தக்கது.

1946 ஏப்ரல் 1ஆம் தேதி ரேடியோ மலாயா தொடங்கியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசாங்கத்தின் செய்தி தமிழில் லயத்து வாசலுக்கே வந்தது. பின்னாளில் வானொலி வீட்டுக்குள் நுழைந்து குடும்பத்தில் ஒருவராகவே ஆனது. ஆனாலும் அது பேசும், மக்கள் கேட்பார்கள். 1963இல் வந்த தொலைக்காட்சியும் அப்படியே. மக்கள் பேச, அது கேட்கும் காலம் வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

குரலைப் புரிந்துகொள்ளும் முயற்சி அமெரிக்காவில் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பெல் ஆய்வகம் 1952இல் உருவாக்கிய 'ஆட்ரி' எண்களை மட்டும் அறிந்தது. ஐபிஎம் 1962இல் காட்சிக்கு வைத்த 'ஷூபாக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. 2011இல் ஆப்பிளின் சிரி, 2014இல் அமேசானின் அலெக்சா, 2016இல் கூகுள் அசிஸ்டன்ட் என அடுத்தடுத்து வந்தன. இவை ஆயிரக்கணக்கானோரின் பேச்சுப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்பவை. எவருடைய பேச்சு பதிவில் உண்டோ, அவருடைய பேச்சு எளிதில் புரியும். பதிவில் இல்லாதவர் பேச்சில் கருவி தடுமாறும்.

தமிழுக்கு முறை வந்தது 2017இல். கூகுளின் குரல்வழி உள்ளீட்டில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு நாட்டுத் தமிழும் தனித்தனியே பட்டியலிடப்பட்டன. பின்னர் கூகுள் அசிஸ்டன்ட் தமிழ் பேசியது. 2024இல் சிரியும் தமிழ் கலந்த பேச்சை ஏற்றது. ஆனால் அது இந்திய ஆங்கிலத்தோடு கலந்த தமிழ்.

மலேசியத் தோட்டத் தமிழின் கலவை வேறு. அது மலாயோடு கலந்தது. "பாசாருக்குப் போய் பத்து வெள்ளிக்கு மீன் வாங்கணும்" என்பார் பாட்டி. வெள்ளி என்றால் ரிங்கிட். தமிழ்நாட்டுப் பேச்சில் மட்டும் பயின்ற கருவி அதைக் கிழமையாகவோ உலோகமாகவோ எடுத்துக்கொள்ளக்கூடும். பசியாறுதல், சடக்கு, பெரட்டு, ஒட்டுப்பால் போன்ற சொற்களின் கதியும் அதுவே. கருவிக்குப் புரியவில்லை என்றால் பாட்டி பேரனைக் கூப்பிடுவார். பேரன் ஆங்கிலத்திலோ மலாயிலோ கட்டளையிடுவான். வேலை முடிந்துவிடும், ஆனால் வீட்டில் தமிழ் ஒலிக்க வேண்டிய ஓர் இடம் குறைந்துவிடும். இதுதான் உண்மையான இழப்பு.

காலமும் காத்திருக்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களில் ஒன்றாக வாழ்ந்த குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறின. பால்மரம் வெட்டிய தலைமுறையோடு அதன் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன.

கணினித் தமிழில் மலேசியா பின்தங்கிய நாடன்று. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளையும், 2005இல் கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கான செல்லினத்தையும் தந்தார். எழுத்துக்குச் செய்ததைக் குரலுக்கும் செய்யலாம். மொசில்லா நிறுவனம் 2017இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழும் உண்டு; விருப்பமுள்ளவர் தம் குரலைப் பதிவாகத் தரலாம். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ மாணவர்கள் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதும் கடினமானதன்று. பேசுபவரின் சம்மதம் மட்டும் முதலில் வேண்டும். உதவிக் கருவிகளின் பதிவுகளை நிறுவனப் பணியாளர்கள் கேட்டது 2019இல் வெளிவந்து உலகெங்கும் சர்ச்சையானது மறக்கத்தக்கதன்று.

துரை தமிழ் கற்றது தன் வேலை நடக்க. கருவியும் தமிழ் கற்பது விற்பனைக்காகவே. எனினும் அதற்கு எந்தத் தமிழைக் கற்றுத் தருவது என்பது இம்முறை பேசுபவர்கள் கையிலும் இருக்கிறது. பாட்டியின் தமிழ் அதில் சேர வேண்டுமானால், பாட்டி பேசும்போதே அதைப் பதிவு செய்தாக வேண்டும்.