ஒரு ரோடு, நாலு கை

எம்.கே.பி. நகரைத் தாண்டி எண்ணூர் பக்கம் போனால் கன்டெய்னர் லாரிகளின் ராஜ்ஜியம்தான். இந்த வரிசைக்கும் ஒரு வரலாறு இருக்கு நண்பர்களே!

1983ல் சென்னை துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. நாட்டிலேயே முதல். பெட்டிகள் பெருகின, ரோடு அப்படியே இருந்தது. பகலில் நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை வேறு. அதனால் எல்லா லாரியும் வடசென்னை வழிதான். 2001ல் எண்ணூர் துறைமுகமும் திறந்தாச்சு.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, மணலி சாலை என்று சுமார் 30 கிலோமீட்டரை அகலப்படுத்த 1990களின் கடைசியில் பேச்சு தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இரண்டு துறைமுகங்கள், தமிழக அரசு நாலும் சேர்ந்து பணம் போடும் ஏற்பாடு. தனிக் கம்பெனியே உண்டு (நம்ம பாடப்புத்தகத்தில் வரும் எஸ்.பி.வி. இதுதான்). பேப்பரில் அருமை... ஆனால் ரோடு ஆணையத்தின் பொறுப்பு, கரையோர மீனவக் குடும்பங்களுக்கு மாற்று வீடு மாநில அரசின் பொறுப்பு. ஒன்று நின்றால் மற்றதும் நின்றது. 2011க்குப் பிறகுதான் வேலை சூடு பிடித்தது.

ரோட்டை அகலமாக்கியும் துறைமுக கேட்டில் சோதனை மெதுவாக நடந்தால், கிடைப்பது பெரிய பார்க்கிங் மட்டுமே. ட்ரிப்புக்குக் கூலி வாங்கும் டிரைவர் வரிசையில் நிற்கும் நாளுக்கு, அந்த நாலு பேரில் யாருடைய கணக்கிலும் பற்று எழுதுவதில்லை.