நரம்பு என்ற ஒரு சொல்

சப்ரகமுவத் தோட்டங்களில் நோயைச் சொல்ல வருபவர் வாயில் அடிக்கடி வருவது ‘நரம்பு’. “காலு நரம்பு பொடச்சிருக்கு” என்றால் அது இரத்தம் ஓடும் நாளம். “கை நரம்பு சுண்டி இழுக்குது” என்றால் பெரும்பாலும் தசையை எலும்போடு கட்டும் தசைநாண். “நரம்பு மரத்துப் போச்சு” என்றால்தான் மருத்துவ நூல் சொல்லும் நரம்பு. எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் நம்மவர் வீடுகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். திருக்குர்ஆனின் ‘ஹப்லுல் வரீத்’ தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘பிடரி நரம்பு’ ஆனதும் இந்த வழக்கில்தான். அறபியில் ‘வரீத்’ என்பது நாளம்.

இது தமிழுக்கு மட்டும் உரிய மயக்கமல்ல. கிரேக்கச் சொல்லான ‘நியூரோன்’ கூட முதலில் தசைநாணையே குறித்தது. இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் உறுப்புகளைத் தனி உறுப்பு, கூட்டு உறுப்பு என இரண்டாக வகுத்தார். சதையில் ஒரு துண்டை எடுத்தாலும் அது சதைதான். ஆகவே அது தனி உறுப்பு. கையில் ஒரு துண்டு கையாகாது. ஆகவே அது கூட்டு உறுப்பு. தனி உறுப்புகளுள் நரம்பு (அஸப்), தசைநாண் (வதர்), நாடி (ஷிர்யான்), நாளம் (வரீத்) ஆகியவற்றை வேறுவேறாக நிறுத்தினார். இன்று நாம் இழையம் என்பதற்கு இது மிக அருகில் வருகிறது.

தமிழில் இந்த வேலையைப் பெரிதாகச் செய்தவர் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தது.

கணினிக்கு இதே வேலையைச் செய்தது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கொர்னீலியஸ் ரோஸ் குழுவினர் 1990களில் தொடங்கிய ‘உடற்கூற்றியல் அடிப்படை மாதிரி’. அதில் சுமார் 75,000 உடற்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அது எதன் வகை, எதன் பகுதி என்ற குறிப்பும் உண்டு. பெயர்கள் அந்த எண்ணில் தொங்கும் சீட்டுகள் மட்டுமே. இலங்கையின் ‘இழையம்’, தமிழகத்தின் ‘திசு’ இரண்டையும் ஒரே எண்ணில் கட்டலாம். ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லை மூன்று எண்களில் கட்டிவிட்டு, “எந்த நரம்பு?” என்று திருப்பிக் கேட்கவும் வைக்கலாம்.

அப்படிக் கேட்காவிட்டால் இழப்பு நோயாளிக்கே. தோட்டத்து அம்மா தமிழில் சொன்னது ஆங்கிலக் குறிப்பில் ஒற்றைச் சொல்லாக ஏறும்போது, வீங்கிய நாளம் நரம்பு நோயாகிவிடும். பார்க்கப்படும் சோதனையும் கொடுக்கப்படும் மருந்தும் வேறாகிவிடும்.

ஆகவே இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் மக்கள் நோவைச் சொல்லும் சொற்களை, அவர்கள் கைவைத்துக் காட்டும் இடத்தோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். அதற்குக் கணினி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியும், பொறுமையாகக் கேட்கும் காதும் போதும். மூத்தவர்கள் இருக்கும்போதே தொடங்குவது நல்லது.