பவளப்பாரும் அலையும்: ஹிக்கடுவைக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிங்காரப்பேட்டை போன்ற உள்நாட்டு ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு முதலில் அறிமுகமாவது ஏரி அலைதான். காற்று அடித்தால் எழும், நின்றால் அடங்கும். இந்தக் கணக்கோடு கடலுக்குப் போகிறவர், காற்றே இல்லாத பகலில் ஆளுயர அலை வருவதையும், அதே நேரத்தில் பக்கத்துக் கரை சலனமின்றிக் கிடப்பதையும் கண்டு திகைப்பார். இவ்விரண்டையும் ஒரே ஊரில் காட்டுவது இலங்கையின் ஹிக்கடுவை. கொழும்புக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், காலிக்குச் செல்லும் ரயில் பாதையில் உள்ள ஊர். அங்கே அலைச்சறுக்குக்கு வருவோர் ஒரு வகை, பவளம் பார்க்க வருவோர் வேறு வகை என்று சுற்றுலாத் துறையினர் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே பவளப்பார்தான் வெளிப்புறத்தில் அலையை எழுப்புகிறது, உட்புறத்தில் அமைதியைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. அலை புறப்படும் இடம்

ஹிக்கடுவையின் நல்ல அலைகள் அங்கே பிறப்பவை அல்ல. தென்கோளத்தில் 40 முதல் 50 பாகை அட்சரேகைகளுக்கு இடையே ஓயாமல் வீசும் புயற்காற்றுகள் கிளப்பிவிடுபவை. வழியில் குட்டை அலைகள் மடிந்துபோக, நெடிய அலைகள் மட்டும் வந்து சேர்கின்றன. 14 விநாடிக்கு ஒருமுறை வரும் அலைக்கு ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு சுமார் 306 மீட்டர். அலைக்கூட்டமாக அதன் வேகம் மணிக்கு 39 கி.மீ. அளவில் இருக்கும். 50 பாகை தெற்கிலிருந்து நேர்வடக்காக வந்தால் 6,200 கி.மீ.; பயணம் ஆறரை நாள். ஆகவே இன்று கரையில் உடையும் அலையின் காரணத்தைப் போன வார வானிலைப் படத்தில்தான் தேட வேண்டும். இலங்கையின் தென்புறக் கண்டத்திட்டு குறுகியது. அதனால் அலைகள் தம் ஆற்றலை அதிகம் இழக்காமலே கரையை நெருங்குகின்றன.

3. பார் செய்யும் வேலை

அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய 0.78 பங்கை எட்டும்போது அது உடைகிறது. ஒன்றரை மீட்டர் அலைக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழம் போதும். மணற்கரையில் ஆழம் மெல்லக் குறைவதால் அலையும் மெல்லச் சரியும். மணல் இடம் மாறும்போதெல்லாம் உடையும் இடமும் மாறும். பாரின் விளிம்பிலோ ஆழம் திடீரென்று குறைகிறது. அலை ஒரே இடத்தில், ஒரே பாங்கில் எழுந்து கவிகிறது. சறுக்குவோர் ‘மெயின் ரீஃப்’ என்று சொல்லும் இடத்தின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. புதிதாகப் பழகுவோர் அங்கே போகாமல் தெற்கே மணலடி கொண்ட நாரிகமவுக்குப் போவதே நல்லது. பாரின்மேல் விழுந்தால் பவளம் தோலைக் கிழித்துவிடும்.

பாரைத் தாண்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது? உலகின் பல பார்களில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, பவளப்பார்கள் சராசரியாக அலையாற்றலில் 97 விழுக்காட்டை அகற்றிவிடுவதாகக் கண்டது. பெரும்பகுதி வேலையைச் செய்வது விளிம்பு. மீதியைக் கரடுமுரடான மேற்பரப்பின் உராய்வு பார்த்துக்கொள்கிறது. ஆற்றல் உயரத்தின் இருமடியைச் சார்ந்தது. அந்தச் சராசரியைப் பொருத்திப் பார்த்தால், வெளியே ஒன்றரை மீட்டராக இருந்த அலை உள்ளே கால் மீட்டராகிவிடும். குழந்தைகள் முழங்காலளவு நீரில் நிற்க முடிவது இதனால்தான்.

ஓதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. பொதுவாக அற்பமென்று தள்ளிவிடலாம். ஆனால் பாரின்மேல் நிற்பதே ஒரு மீட்டர் நீர் என்றால், அரை மீட்டர் ஏறினாலும் உள்ளே வரும் அலை கண்ணுக்குத் தெரியும்படி பெருக்கும்.

4. காற்றும் பருவமும்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவையின் பருவம். அப்போது வாடைக்காற்று தீவின் நிலப்பரப்பைக் கடந்து கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலையின் முகம் கலையாமல் நிமிர்ந்து நிற்கும். மே மாதத்துக்குப் பின் தென்கடல் அலைகள் இன்னும் பெரியவை. ஆனால் தென்மேற்குக் காற்றான சோளகம் நேரே கரையில் மோதுவதால் கடல் கலங்கிவிடும். அந்த மாதங்களில் சறுக்குவோர் அம்பாறை மாவட்டத்துப் பொத்துவிலை ஒட்டிய அறுகம்பைக்கு இடம்பெயர்வார்கள்.

5. பாரின் வாய்

இந்தப் பொருளில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இது. பாரைத் தாண்டி உள்ளே விழும் நீர் வந்த வழியே திரும்ப முடியாது. உள்மட்டம் சற்று உயர்ந்து, பாரில் எங்கே இடைவெளி உண்டோ அங்கே ஒன்றுகூடி வெளியே பாய்கிறது. அந்த வாயில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. மேலே பார்த்தால் அதுவே மிக அமைதியான இடம். பழகிய சறுக்குநர் கையால் துழாவும் உழைப்பை மிச்சப்படுத்த அந்த நீரோட்டத்தில் ஏறி வெளியே போகிறார். கடல் தெரியாதவரோ அமைதியை நம்பி அதே இடத்தில் இறங்குகிறார். பாரின் காவலில் உள்ள கரையில் அஞ்ச வேண்டியது நுரையை அல்ல, நுரையில்லாத அந்தப் பட்டையை.

6. பெரலியவின் சாட்சி

2004 டிசம்பர் 26 அன்று ஹிக்கடுவைக்கு வடக்கே சுமார் 3 கி.மீ. தொலைவில் உள்ள பெரலியவில் ஆழிப்பேரலை ஒரு பயணிகள் ரயிலைப் புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஹரிந்திர பெர்னாண்டோ தலைமையிலான குழு 2005இல் ‘ஈயோஸ்’ இதழில் எழுதியபடி, ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் வந்து 50 மீட்டர் தூரமே உட்புகுந்தது. பெரலியவில் உயரம் சுமார் 10 மீட்டர். நீர் ஒன்றரை கி.மீ. உள்ளே போனது. ஹிக்கடுவையின் பார் பாதுகாக்கப்பட்டது. பெரலியவில் பவளம் சட்டவிரோதமாக வெட்டியெடுக்கப்பட்டிருந்தது. அந்தக் கரையில் முருகைக்கல் எனப்படும் பவளக்கல்லைச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு விற்பது நெடுநாள் தொழிலாக இருந்தது.

இதை வைத்துப் பவளம் ஆழிப்பேரலையைத் தடுக்கும் என்று மேடையில் முழங்குவோரை நான் ஏற்கவில்லை. இந்தோனேசியாவின் ஆச்சேயில் அதே ஆண்டு ஆய்ந்த பெயர்டு குழுவினர் அப்படியொரு பாதுகாப்பைக் காணவில்லை. ஆழிப்பேரலையின் இரண்டு முகடுகளுக்கு இடையே பல நிமிடங்கள் கழியும்; 14 விநாடி அலைக்குச் சொன்ன கணக்கு அதற்குச் செல்லாது. பெரலிய காட்டுவது வேறொன்று: பாரில் பள்ளம் விழுந்தால் நீர் அங்கே குவிந்து சீறும். 5ஆம் பிரிவில் கண்ட வாயின் இயக்கம்தான் இதுவும், அளவுதான் வேறு.

7. நம் பக்கத்துக் கடல்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 பவளத்தீவுகள் இருந்தன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. அங்கே சறுக்குவதற்கேற்ற அலை பொதுவாகக் கிடைக்காது. தெற்கிலிருந்து வரும் அலைகளில் பெரும்பகுதியை இலங்கையே மறித்துவிடுகிறது. எஞ்சியதைத் தீவுகளும் பார்களும் உடைத்துவிடுகின்றன. அலைதான் வேண்டுமென்றால் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போகலாம்.

மன்னார் வளைகுடாவிலும் பவளம் வெட்டினார்கள். அந்த 21இல் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. அதற்கு அந்த வெட்டும் ஒரு முக்கியக் காரணம். தேய்ந்துவரும் வான்தீவைக் காக்க இப்போது கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் கான்கிரீட் வளராது. கடல்மட்டம் உயரும்போது தானும் உயரக்கூடியது உயிருள்ள பவளம் மட்டுமே.